ஐம்பது கிராமில் ஒரு இட்லியும் இல்லை

"யக்கா, கொலைக் கேஸுன்னு சொல்லு, ஓடியாறேன். கொள்ளைக் கேஸுன்னு சொல்லு, அதுக்கும் ஓடியாறேன். இட்லி கேஸுக்கா காலங்காத்தால ஆறு மணிக்கு ஆட்டோவ எடுக்கச் சொன்ன?"

"இட்லி உனக்கும் உண்டு, வேம்புலி."

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சே முக்காலுக்கே வந்திருப்பேனே!"

ஆட்டோ பாடி ஊரைத் தாண்டி, லாரிகளின் இடுக்கில் புகுந்து, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் திரும்பியது. பின்சீட்டில் சாமுண்டீஸ்வரி. மடியில் கட்டம் போட்ட நோட்டு. புள்ளிவிவர இலாகாவில் பதினெட்டு வருஷம் எண்களைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போய், எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆசாமிகளைப் பிடிக்கலாமே என்று பாடியில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். வேம்புலி அவளுடைய வாகனம், உதவியாளன், வாய். கடைசி உத்தியோகத்துக்கு அவன் விண்ணப்பமே போடவில்லை.

"கேஸ் இன்னான்னு மறுபடி சொல்லுக்கா. நேத்து அந்தம்மா அழுதுகினே சொன்னதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது."

"கோகிலம் ஸ்பிரிங்ஸ் ஃபேக்டரி கேன்டீன்ல தாயம்மாள் பத்து வருஷமா சமைக்கிறா. தலைக்கு நாலு இட்லி, இட்லி சராசரி ஐம்பது கிராம்னு போன வருஷம் யூனியனும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டிருக்கு. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் இட்லி சின்னதாப் போச்சு, தாயம்மாள் மாவைத் திருடுறான்னு நூத்திப் பதினெட்டு பேர் மனு குடுத்திருக்காங்க. இன்னைக்குப் பத்து மணிக்கு கேன்டீன் கமிட்டி. பத்தரைக்கு அவளுக்கு வேலை இருக்காது. திருட்டுப் பட்டம் மட்டும் இருக்கும்."

"நாலு மணி நேரம் கீது நமக்கு."

"மூணரை. அரை மணி நேரத்தை நீ பேசியே ஓட்டிட்ட."

தொழிற்சாலை கேட்டில் தாயம்மாள் காத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, இடுப்பில் சொருகிய முந்தானை, அழுது சிவந்த கண்.

"வாம்மா. நா மாவத் திருடி இன்னா பண்ணப் போறேன்? திருமுல்லவாயல்ல என் ஊட்ல நானு ஒருத்திதான். அரிசி எட போட்டுக் குடுக்கறான், உளுந்து எட போட்டுக் குடுக்கறான், மொத்தம் தொள்ளாயிரத்து அறுவது இட்லி. ஒண்ணு கொறஞ்சிருக்கா, கேளு! எண்ணிக்கைல ஒரு இட்லி கொறஞ்சிருந்தா என் கைய வெட்டு!"

"கைய வெட்டிட்டா நாளைக்கு யாரு இட்லி ஊத்தறது?" என்றான் வேம்புலி.

தாயம்மாள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

கேன்டீன் சுவரில் அந்த ஒப்பந்தம் சாமி படம் மாதிரி கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதற்குக் கீழே, அதைவிடப் பவ்வியமாக, பர்சனல் ஆபீசர் ராஜசேகரன் நின்றிருந்தார். கையில் நீல நிற நோட்டு.

"மேடம், இது வீண் வேலை. நானே எடை போட்டுட்டேன். முதல் பந்தியில பத்து இட்லி, ரெண்டாவது பந்தியில பத்து இட்லி. மொத்தமா தராசுல வைச்சா ஒரு கிலோ. இருபதால வகுத்தா ஐம்பது. பாருங்க, பிப்ரவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து நேத்து வரைக்கும் தினமும் ஐம்பது, ஐம்பது, ஐம்பது!"

"பந்தி ரெண்டா?"

"ஏழு மணிக்கு மெஷின் ஷாப், டூல் ரூம். நூத்திருபது பேர். அவங்க போனதும் ஏழரைக்கு பிரஸ் ஷாப் நூத்திருபது பேர்."

சாமுண்டீஸ்வரி நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"சார், பதினாலாம் தேதியும் எடை போட்டீங்களா?"

"தினமும்னா தினமும்தான் மேடம். டூட்டியில நான் ரொம்ப கண்டிப்பு."

"பதினாலு ஞாயித்துக்கிழமை. கம்பெனி லீவு. அன்னைக்கு யாருக்கு இட்லி?"

ராஜசேகரன் நோட்டைப் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஏழாம் தேதி, இருபத்தொண்ணாம் தேதி, அதுவும் ஞாயிறு. அன்னைக்கும் ஐம்பது."

"புடிச்சாச்சு!" வேம்புலி துள்ளினான். "யக்கா, குத்தவாளி இவருதான்! ஏறு ஆட்டோல, டீ குடிச்சிட்டுப் போலாம்!"

"இரு. கையால ஊத்துற இட்லி ஒரு நாள் நாற்பத்தொன்பது வரும், ஒரு நாள் ஐம்பத்தொண்ணு வரும். தினமும் ஆடாம அசையாம ஐம்பதுன்னா அது எடை இல்ல, கற்பனை. முதல் நாள் மட்டும் நிஜமா எடை போட்டார். மறுநாள்லேர்ந்து நாற்காலியில உட்கார்ந்தே எழுதினார். சரிதானே சார்?"

ராஜசேகரன் தலையாட்டினார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாத ஓர் ஆட்டல்.

"அப்ப திருடன்?"

"சோம்பேறி, வேம்புலி. திருடுறதுக்கு உழைக்கணும். இவரால முடியாது. சார், அந்த நோட்டு என்கிட்டயே இருக்கட்டும். ஸ்பிரிங் எடை போடுற தராசைக் கொண்டுவரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்ஷன் அறையிலிருந்து தராசு வந்தது. முதல் பந்திக்கு வைத்த இட்லியில் பத்தை எடுத்து, இந்த முறை ஒவ்வொன்றாக வைத்தாள். வேம்புலி எழுதினான். அறுபது, அறுபத்தொண்ணு, அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது...

"இன்னாக்கா, குண்டு குண்டா கீது! யாரு சின்ன இட்லின்னது?"

"ரெண்டாவது பந்தி வரட்டும்."

ஏழரைக்கு அதுவும் வந்தது. நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொண்ணு, நாற்பது...

சாமுண்டீஸ்வரி ஒரு செய்தித்தாளை மேஜை நீளத்துக்கு விரித்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கிராம் வாரியாகக் கோடு கிழித்து, அந்தந்த இடத்தில் அந்தந்த இட்லியை வைத்தாள். இடது கோடியில் பத்து இட்லி ஒட்டிக்கொண்டு. வலது கோடியில் பத்து இட்லி ஒட்டிக்கொண்டு. நடுவில் வெறும் பேப்பர். அதில் யாரோ ஒரு மந்திரி அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார்.

"இருபதையும் கூட்டு."

"கரெக்டா ஆயிரம்."

"வகு."

"அம்பது." வேம்புலி பேப்பரைப் பார்த்தான். "ஆனா அம்பதுல ஒரு இட்லியும் இல்லியேக்கா!"

"அதான் சராசரியோட குறும்பு. மொத்த மாவு அதே, மொத்த இட்லி அதே, அதனால சராசரி அதேதான் வரும். ஒருத்தன் தட்டுலேர்ந்து பத்து கிராம் எடுத்து இன்னொருத்தன் தட்டுல வைச்சாலும் சராசரி கண்டுக்காது. சராசரியைக் கேட்டா மட்டும் போதாது. ஒவ்வொண்ணும் அதுலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னும் கேட்கணும். அந்தச் சிதறலைத்தான் இவர் பார்க்கலை."

"புரிஞ்சுது. என் பொண்டாட்டி காலைல ஊரே கேக்கற மாரி கத்துவா, சாயங்காலம் வாயே தொறக்க மாட்டா. சராசரியா பாத்தா அமைதியான பொம்பள."

"சாயங்காலம் நான் அவகிட்ட சொல்றேன்."

"கேஸ் முடிஞ்சப்புறம் சொல்லுக்கா!"

தாயம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, ரெண்டும் ஒரே குண்டான் மாவுதாம்மா! மொத பந்திக்கு நா ஊத்துவேன். அப்பால நா சாம்பாருக்குப் பூடுவேன், ரெண்டாவது பந்திக்குப் புஷ்பா ஊத்துவா."

எல்லோரும் புஷ்பாவைப் பார்த்தார்கள். அந்த ஒல்லிப் பெண் அண்டாவுக்குப் பின்னால் பாதி மறைந்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் மெல்ல. "என் குழி நிறையவே மாட்டேங்குது. ஆனா ஒப்பந்தத்துல 'குழிக்கு ஒரு கரண்டி'ன்னு போட்டிருக்கே. ரெண்டாவது கரண்டி ஊத்தினா என்னைத் திட்டுவாங்களே."

"கரண்டியைக் குடு. தாயம்மா, உங்க கரண்டியும்."

இரண்டும் புத்தம் புது எவர்சில்வர் கரண்டிகள். ஒரே நீளம், ஒரே வாய், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. வேம்புலி இரண்டையும் தூக்கிப் பார்த்தான். புஷ்பாவின் கரண்டி கனத்தது. தாயம்மாளின் கரண்டி நிறையத் தண்ணீர் மொண்டு புஷ்பாவின் கரண்டியில் ஊற்றினான். மூன்றில் ஒரு பங்கு தரையில் கொட்டியது.

"அடப்பாவி! உள்ளாற பொய்யா ஒரு அடி வச்சிக்கீறான்!"

"விளிம்பைப் பாரு. ரெண்டுலயும் சின்னதா ஒரு வெட்டு. மிஞ்சின மாவு தானா வழிஞ்சிடும். யார் கரண்டி செஞ்சது, தாயம்மா?"

"பொங்கலுக்கு முன்ன என் பழைய கரண்டி காம்பு ஒடிஞ்சிட்ச்சு. டூல் ரூமுக்குக் குட்தேன். ஜோடியாவே செஞ்சி அனுப்னாங்க." கரண்டியை வெறித்தாள். "சாமி அலமாரில வச்சி கும்புட்டேம்மா இத்த."

"பழசு இருக்கா?"

காம்பு ஒடிந்த கரண்டி பரணிலிருந்து இறங்கியது. தாயம்மாள் அதன் தலையைக் கையில் பிடித்து, பழைய பழக்கத்தில், வாயால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பத்துக் குழி ஊற்றினாள். வெந்ததும் தராசு. நாற்பத்தாறு, ஐம்பத்து மூணு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து, நாற்பத்து நாலு, ஐம்பத்தொண்ணு, ஐம்பது, ஐம்பத்து நாலு, நாற்பத்தேழு, ஐம்பத்தொண்ணு.

"கூட்டு."

"ஐந்நூறு. சராசரி அம்பதேதான்!"

"இதுதான் சமையல்காரி கை. நாற்பத்து நாலுக்கும் ஐம்பத்தஞ்சுக்கும் நடுவுல பரவி நிக்குது. நடுவுல கூட்டம், ஓரத்துல ஒண்ணு ரெண்டு. புதுக் கரண்டியைப் பாரு. அறுபதுன்னா அறுபது, ஒரு கிராம் இப்படி, ஒரு கிராம் அப்படி. நாற்பதும் அதே மாதிரி. மேல பத்து, கீழ பத்துன்னு சராசரியைக் கூட சிந்தாம சிதறாம காப்பாத்தியிருக்கான். இது மைக்ரோமீட்டர் பிடிச்ச கை, வேம்புலி. கைரேகை வேற எதுக்கு?"

"டூல் ரூம்ல பதினோரு பேரு கீறானுங்களாமே. எவன்னு கண்டுபுடிக்கிறது? மணி எட்டரை."

"மனுவைக் கொண்டா."

யூனியன் செயலாளர் மதுரைவீரன் மனுவோடு வந்தார். தாயம்மாளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "எங்களுக்கு அந்தம்மா மேல தனிப்பட்ட கோபம் இல்ல மேடம். தொழிலாளி வயித்துப் பிரச்சனை."

"எந்தப் பந்தி சாப்பிடுவீங்க?"

"ரெண்டாவது."

"கையெழுத்தை எல்லாம் பந்தி பந்தியா பிரிச்சுச் சொல்லுங்க."

மதுரைவீரன் விரல் வைத்துக்கொண்டே போனார். முடித்தபோது அவருக்கே ஆச்சரியம். "நூத்திப் பதினேழு பேர் ரெண்டாவது பந்தி. மொத பந்தி ஒரே ஒரு ஆள்தான்."

"இருக்காதா பின்ன!" என்றான் வேம்புலி. "சின்ன இட்லி வாங்கனவன் வாயத் தொறந்து கத்துவான். பெரிய இட்லி வாங்கனவன் அடுத்த இட்லிக்குத்தான் வாயத் தொறப்பான். ஒரு மாசமா ஒருத்தன் மூச்சு உட்டிருக்கானா பாரேன்!"

"அப்படின்னா, தினமும் அறுபது கிராம் இட்லி நாலு சாப்பிட்டுட்டு, 'சின்னதா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்ட அந்த ஒத்தை ஆள் யாரு? கூட்டத்தை விட்டு அவன் மட்டும் ஏன் தனியா தள்ளி நிக்கிறான்?"

மதுரைவீரன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஜம்புலிங்கம். டூல் ரூம் ஃபிட்டர்."

தாயம்மாளின் கையிலிருந்த கரண்டி தலை டணங்கென்று கீழே விழுந்தது.

ஜம்புலிங்கத்துக்கு ஐம்பது வயது. காதில் பென்சில், சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல், மீசை இரண்டு பக்கமும் அளந்து வெட்டியது போல. சாமுண்டீஸ்வரி டூல் ரூமுக்குப் போய் இரண்டு கரண்டிகளையும் அவன் மேஜை மேல் வைத்தாள். அவன் முகம் மாறவில்லை. ஆனால் கை தானாக நீண்டு, பஞ்சால் ஒரு கரண்டியின் மேல் பட்ட மாவைத் துடைத்தது.

"இது யார் செஞ்சதுன்னு தெரியுமா?"

"பதினோரு பேர் கீறோம்மா. எவனாச்சும் செஞ்சிருப்பான்."

"எவனோ கத்துக்குட்டி. வேலை சுத்தமில்ல. இட்லிக்கு இட்லி நாலு கிராம், அஞ்சு கிராம் வித்தியாசம் காட்டுது."

ஜம்புலிங்கத்தின் மீசை ஒரு பக்கம் உயர்ந்தது.

"அஞ்சு கிராமா?"

"ஆமா. தாயம்மா கை எவ்வளவோ தேவலாம். இந்தக் கரண்டியை நம்பி மாவு ஊத்தினா..."

"யாரு சொன்னது அஞ்சு கிராம்னு?" அவன் மேஜையில் அறைந்தான். "எந்தத் தராசு? யாரு புடிச்சது? மூணு நாளு ஒக்காந்து தேச்சிக்கீறேன்மா! விளிம்புல வெட்டு எதுக்கு வச்சேன்னு நெனச்ச? ஒரு கிராம் தாண்டாது! தாண்டினா என் பேரு..."

நிறுத்திக்கொண்டான். டூல் ரூமே நிறுத்திக்கொண்டது.

"ஜம்புலிங்கம்," என்று முடித்து வைத்தான் வேம்புலி. "பேரு தெரியும் அண்ணாத்தே. உக்காரு."

வாசலில் நின்றிருந்த தாயம்மாள் உள்ளே வந்தாள். "ஏன்யா? நா உனுக்கு இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலியே. அதானே பேஜாரு!" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு வருசமா ஒரே ரயில்ல வந்துகினுகீறோம். ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு மெஸ்ஸு போடலாம், கண்ணாலமும் கட்டிக்கலாம்னு எத்தினி வாட்டி கேட்டேன்? 'பர்மனென்ட் வேலய உட்டுட்டு உன் பின்னால வரணுமா'ன்னு கேட்ட. சரி, ஒரு கரண்டிய சின்னதா செஞ்சேன், மாவு மீந்து மாட்டிக்கக் கூடாதுன்னு இன்னொண்ண பெருசா செஞ்சேன். இட்லி சின்னதா பூட்ச்சுன்னு நாலு பேரு கத்துவானுங்க, நீ ரோசக்காரி, கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு வந்துருவேன்னு..."

"அதுக்குத் திருட்டுப் பட்டமாய்யா?"

"சத்தியமா இல்ல! நா கையெழுத்துப் போடச்சொல்ல 'இட்லி சின்னது'ன்னு மட்டும்தான் இருந்துது. 'திருட்டு'ன்னு அப்பால எவனோ மேல சேத்துட்டான். ராத்திரி எல்லாம் தூங்கல தாயம்மா."

"நா தூங்கனேனா?"

சாமுண்டீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஒன்பதே முக்கால்," என்றாள். "ஜம்புலிங்கம், இதை நான் சொன்னா துப்பு. நீங்க சொன்னா மன்னிப்பு. எது வேணும்னு நடந்துகிட்டே யோசிங்க."

கமிட்டி அறையில் மதுரைவீரன் மனுவைப் பாதி படித்திருந்தபோது ஜம்புலிங்கம் எழுந்தான். இரண்டு கரண்டிகளையும் மேஜை மேல் வைத்தான்.

"தாயம்மா ஒரு துளி மாவு எடுக்கல. தப்பு கரண்டில. கரண்டி என்னுது."

கமிட்டி கரண்டிகளைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. முதலில் குரல் வந்தது ராஜசேகரனுக்குத்தான். "கம்பெனி நேரத்துல, கம்பெனி தகட்டுல! ஒழுங்கு நடவடிக்கை! இன்னைக்கே சஸ்பென்ஷன்!"

சாமுண்டீஸ்வரி நீல நோட்டை எடுத்து, பதினாலாம் தேதிப் பக்கத்தைத் திறந்து, அவருக்கு மட்டும் தெரியும்படி சாய்த்து வைத்தாள்.

"இந்த நோட்டையும் கமிட்டி முன்னால படிக்கணுமா சார்?"

ராஜசேகரன் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

"முதல் தடவை என்கிறதால... ஒரு எச்சரிக்கைக் கடிதம் போதும்னு நினைக்கிறேன்."

மதுரைவீரன் மனுவை நான்காகக் கிழித்தார். தாயம்மாளைப் பார்த்து, இந்த முறை நேராகவே பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். அங்கேயே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: சராசரி ஐம்பது கிராம், எந்த இட்லியும் நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கவோ ஐம்பத்தைந்துக்கு மேலே ஏறவோ கூடாது. பழைய கரண்டிக்குக் காம்பு போடும் வேலை ஜம்புலிங்கத்துக்கு. காம்பு மட்டும்.

"யக்கா, ஒரு டவுட்டு," வேம்புலி காதைக் கடித்தான். "அந்தம்மா பழைய கரண்டில ஊத்தனப்ப நாப்பத்து நாலு ஒண்ணு வந்துச்சே. இனிமே அந்த மாரி வந்தா இன்னா பண்றது?"

அது தாயம்மாள் காதில் விழுந்துவிட்டது.

"தோ நிக்கறாரே, இவருக்குத்தான். குட்ட இட்லி எத்தினி வருதோ அத்தினியும் இவரு தட்டுல."

ஜம்புலிங்கம் முகம் மலர்ந்தது. தண்டனையோ என்னவோ, தினமும் தன் தட்டை அவள் நினைத்து வைப்பாள் அல்லவா?

"அப்ப மத்த விசயம், தாயம்மா? மெஸ்ஸு, கண்ணாலம்..."

"யோவ், சராசரியா பாத்தா நீ நல்ல மனுசன்தான்யா. ஆனா ஒரு நாளு அறுபதா கீற, ஒரு நாளு நாப்பதா கீற. உன்ன நம்பி நா எந்தக் குழில மாவ ஊத்துவேன்? அடுத்த பொங்கல் வரிக்கும் தினம் அம்பதுல நில்லு. அப்பால பாக்கலாம்."

ஜம்புலிங்கம் காதிலிருந்த பென்சிலை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் எடுத்தான். முகத்தில் விளையாட்டே இல்லை.

"அம்பதுக்கு மேல கீழ எவ்ளோ வுடுவ?"

தாயம்மாள் கரண்டியை ஓங்கினாள். அது பழைய கரண்டி. எங்கே, எவ்வளவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.